வெள்ளணுச் சீட்டு: ஒரு திறனாய்வு

நம் நாட்டில் மிகுதியாகப் படிக்கப்படும் அறிவியல் எழுத்து எது? பாடநூல் என்பார்கள் சிலர். நாளிதழ்களின் அறிவியல் பக்கம் என்பார்கள் வேறு சிலர். என் விடை வேறு. இரத்தப் பரிசோதனை நிலையத்தில் தரும் சீட்டுத்தான் அது. புத்தகமே நுழையாத வீட்டிலும் மருந்துச் சீட்டுகளோடு சேர்த்து ஒரு பையில் அது இருக்கும். அச்சத்தோடும் ஆவலோடும் வரிவரியாகப் படிக்கப்படும். இப்போது கைப்பேசிக்கே வந்துவிடுவதால் மருத்துவர் பார்ப்பதற்கு முன்பே குடும்பம் முழுவதும் அதைப் படித்து முடித்துவிடுகிறது.

நூல்களுக்கு மதிப்புரை எழுதுகிறோம்; திரைப்படங்களை விமரிசனம் செய்கிறோம். இத்தனை பேர் படிக்கும் இந்தச் சீட்டை மட்டும் எவரும் திறனாய்வுக்கு எடுத்துக்கொள்வதில்லை. அதைத்தான் இங்கே செய்யப் போகிறேன். சீட்டு முழுவதையும் எடுத்துக்கொள்ளவில்லை. வெள்ளணுக்களைப் பற்றிய ஆறேழு வரிகள் மட்டுமே நம் பொருள். நான் மருத்துவன் அல்லன். கல்லூரியில் இயற்பியல் கற்பிப்பவன். ஆனால் அளவீடு எங்கள் தொழில். ஓர் அளவை எவ்வாறு எழுத வேண்டும், எவ்வாறு படிக்க வேண்டும் என்பதை ஆண்டுதோறும் முதலாண்டு மாணவர்களுக்குச் சொல்லித் தருகிறோம். அந்த அளவுகோலைக் கொண்டே இச்சீட்டையும் அளந்து பார்ப்போம்.

என் குற்றச்சாட்டு ஒன்றுதான். வெள்ளணு எண்ணிக்கை என்பது உடலைப் பற்றிய ஒரு கேள்வி. சீட்டு அதைத் தீர்ப்பாக அச்சிடுகிறது. 10,800 என்றால் சாதாரண எழுத்து. 11,200 என்றால் தடித்த எழுத்து, பக்கத்தில் ஓர் அம்புக்குறி. அந்த அம்புக்குறியைப் பார்த்துத்தான் உறக்கம் கெடுகிறது. தேவையில்லாத நுண்ணுயிர்க்கொல்லி மருந்து வாங்கப்படுகிறது. அம்புக்குறி இல்லாததைக் கண்டு நோய் இல்லையென்று நம்பி இருந்துவிடுவதும் உண்டு. ஆகவே இது வெறும் அச்சுப் பிரச்சினை அன்று.

எதை எண்ணுகிறோம்?

முதலில் பொருளைத் தெரிந்துகொள்வோம். ஒரு கன மில்லிமீட்டர் இரத்தம் என்பது குண்டூசித் தலையளவு. அதில் ஏறத்தாழ 50 இலட்சம் சிவப்பணுக்களும், அவற்றோடு 4,000 முதல் 11,000 வரை வெள்ளணுக்களும் இருக்கின்றன. அதாவது, பல நூறு சிவப்பணுக்களுக்கு ஒரு வெள்ளணு.

வெள்ளணுக்கள் ஓரினம் அல்ல, ஐந்து வகை. ஜெர்மானிய அறிஞர் பால் எர்லிக் 1879ஆம் ஆண்டையொட்டிச் சாயங்களைக் கொண்டு இவற்றைப் பிரித்துக் காட்டினார். ஈசின் என்ற சிவப்புச் சாயத்தை ஏற்பது ஈசினோஃபில். காரச் சாயத்தை ஏற்பது பேசோஃபில். நடுநிலைச் சாயத்தை ஏற்பது நியூட்ரோஃபில். இவை தவிர லிம்போசைட், மோனோசைட் என இரண்டு. நம் இரத்தத்தில் பெரும்பான்மை நியூட்ரோஃபில்கள்தாம். பாக்டீரியாக்களை விழுங்குவது இவற்றின் முதன்மையான வேலை. லிம்போசைட்டுகள் ஒருமுறை கண்ட கிருமியை நினைவில் வைத்திருக்கின்றன. எதிர்ப்பொருளை உண்டாக்குவதும் இவற்றின் வழியில்தான். ஈசினோஃபில்கள் புழுக்களோடும் ஒவ்வாமையோடும் தொடர்புடையவை.

இங்கே சீட்டு சொல்லாமல் விடும் முதல் செய்தி வருகிறது. வெள்ளணுக்களுக்கு இரத்தம் வீடு அன்று, சாலை. அவை எலும்பு மச்சையில் பிறக்கின்றன. திசுக்களில் வேலை செய்கின்றன. ஓரிடத்திலிருந்து மற்றோரிடத்திற்குப் போகும்போது மட்டும் இரத்தத்தில் காணப்படுகின்றன. முதிர்ந்த நியூட்ரோஃபில்கள் இரத்தத்தில் இருப்பதைவிடப் பல மடங்கு மச்சையில் இருப்பாகக் காத்திருக்கின்றன. இரத்தக் குழாய்க்குள் வந்துவிட்டவற்றிலும் ஏறத்தாழப் பாதி, குழாயின் சுவரோரம் ஒட்டி ஒதுங்கியிருக்கும். நடுவே ஓடும் மீதிப் பாதிதான் ஊசியில் வந்து சேருகிறது.

பேருந்து நிலையத்தில் நிற்பவர்களை எண்ணி ஊரின் மக்கள்தொகையைச் சொல்ல முடியுமா? காலை 9 மணிக்கு ஒரு கணக்கு, பிற்பகல் 2 மணிக்கு ஒரு கணக்கு, திருவிழா நாளில் ஒரு கணக்கு வரும். வெள்ளணுக்களின் கதையும் இதுதான். மாடிப்படி ஏறி மூச்சு வாங்க வந்து உட்கார்ந்தவருக்கு அட்ரினலின் சுரந்து, சுவரோரம் ஒதுங்கியிருந்த அணுக்கள் நடு ஓட்டத்தில் கலந்துவிடுகின்றன. ஊசிக்குப் பயந்து வீறிட்டழும் குழந்தைக்கும் எண்ணிக்கை கூடும். ஸ்டீராய்டு மருந்து உண்பவர்களுக்குக் கூடும்; புகைபிடிப்பவர்களுக்கு எப்போதுமே சற்றுக் கூடுதலாக இருக்கும். உடலில் ஓர் அணுகூடப் புதிதாகப் பிறக்காமலே எண்ணிக்கை உயரலாம் என்பது இதனால் விளங்கும். சீட்டிலோ இரத்தம் எடுத்த நேரத்தைத் தவிர இவற்றுக்கெல்லாம் இடமே இல்லை.

எண்ணுவதில் உள்ள பிழை

முதலாண்டு மாணவன் ஒருவன் கம்பியின் விட்டத்தை அளந்து, பிழை எல்லையைக் குறிக்காமல் பதிவேட்டில் எழுதினால் நாங்கள் மதிப்பெண்ணைக் குறைப்போம். வெள்ளணுச் சீட்டில் அந்தப் பிழை எல்லை எங்கே?

பழைய முறையைப் பார்ப்போம். சிறு நிலையங்கள் சிலவற்றில் இன்றும் அதைக் கையாளுகிறார்கள். இரத்தத்தை 20 மடங்கு நீர்க்கச் செய்து, சிவப்பணுக்களை உடைத்துக் கரைத்துவிட்டு, கட்டம் போட்ட ஒரு கண்ணாடித் தகட்டில் விடுகிறார்கள். மூலைக்கொன்றாக நான்கு சதுரங்கள், ஒவ்வொன்றும் 1 சதுர மில்லிமீட்டர் பரப்பு, ஆழம் 0.1 மில்லிமீட்டர். ஆகமொத்தம் 0.4 கன மில்லிமீட்டர் கரைசலில் உள்ள வெள்ளணுக்களை நுண்ணோக்கியில் எண்ணி, 50ஆல் பெருக்கினால் விடை.

216 அணுக்களை எண்ணினால் 10,800 என்று சீட்டில் ஏறும்; இயல்பு. 224 அணுக்களை எண்ணினால் 11,200, ‘அதிகம்’. இரண்டுக்கும் வேறுபாடு எட்டே எட்டு அணுக்கள்!

சிதறிக் கிடக்கும் பொருள்களை எண்ணும்போது தற்செயலாக ஏற்படும் பிழை, எண்ணிய தொகையின் வர்க்கமூலத்தின் அளவில் இருக்கும் என்பது இயற்பியலில் நாம் அன்றாடம் பயன்படுத்தும் விதி. கதிரியக்கத் துகள்களை எண்ணும்போதும் இதே கணக்குத்தான். 224இன் வர்க்கமூலம் ஏறத்தாழ 15. அதாவது, அதே இரத்தத்திலிருந்து மறுபடி ஒரு துளி எடுத்து எண்ணினால் 15 அணுக்கள் கூடவோ குறையவோ வருவது வெகு சாதாரணம். 30 வரை போவதும் வியப்பன்று. ஆகவே 11,200 என்பதை நேர்மையாக எழுதுவதானால் ‘9,700க்கும் 12,700க்கும் இடையில்’ என்று எழுத வேண்டும். தடித்த எழுத்தையும் அம்புக்குறியையும் தீர்மானித்த எட்டு அணுக்கள் இந்தப் பிழையின் பாதிதான்.

இக்கணக்கின் வரலாறும் சுவையானது. அயர்லாந்தின் டப்ளின் நகரில் கின்னஸ் மதுவடிசாலையில் வேலை பார்த்த வில்லியம் கோசெட் என்பவர், ‘மாணவன்’ என்று பொருள்படும் புனைபெயரில் 1907ஆம் ஆண்டில் ஒரு கட்டுரை வெளியிட்டார். அவர் எண்ணியது ஈஸ்ட் செல்களை. எண்ணப் பயன்படுத்தியதோ இரத்த அணுக்களை எண்ணுவதற்கென்றே செய்யப்பட்ட அதே கட்டத் தகட்டை. அந்தக் கட்டுரையின் பொருளே அந்தத் தகட்டில் எண்ணும்போது நேரும் பிழைதான். மதுவடிசாலைக்கு 1907இலேயே தேவைப்பட்ட எச்சரிக்கை, நோயாளி கையில் வாங்கும் சீட்டில் இன்னும் ஏறவில்லை.

‘இப்போது இயந்திரம் வந்துவிட்டதே’ என்று நீங்கள் கேட்கலாம். உண்மை. அமெரிக்கரான வாலஸ் கோல்ட்டர் 1953இல் காப்புரிமை பெற்ற முறை மிக அழகான இயற்பியல். மின்சாரத்தைக் கடத்தும் கரைசலில் அணுக்களை மிதக்கவிட்டு, ஒரு நுண்ணிய துளை வழியே இழுக்கிறார்கள். அணு ஒன்று துளையைக் கடக்கும்போது அந்த இடத்தில் மின்தடை கூடுகிறது. ஒரு துடிப்பு உண்டாகிறது. துடிப்புகளை எண்ணினால் அணுக்களின் தொகை. துடிப்பின் உயரத்தை அளந்தால் அணுவின் பருமன். இன்றைய இயந்திரங்கள் இதோடு லேசர் ஒளிச் சிதறலையும் சேர்த்துப் பயன்படுத்துகின்றன. 10,000 அணுக்களை எண்ணினால் தற்செயல் பிழை நூற்றுக்கு ஒன்றாகச் சுருங்கிவிடும். ஆனால் இயந்திரம் நீக்குவது எண்ணுவதில் உள்ள பிழையைத்தான். மாடிப்படி ஏறி வந்ததால் உண்டான மாற்றத்தை அது நீக்காது. ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்ட தட்டணுக்களையும், உட்கரு நீங்காத இளஞ் சிவப்பணுக்களையும் வெள்ளணு என்று அது எண்ணிவிடுவதும் உண்டு. அதனால்தான் ஐயம் எழும்போது நல்ல ஆய்வுக்கூடங்களில் ஒருவர் கண்ணாடித் தகட்டை நுண்ணோக்கியில் வைத்துத் தம் கண்ணாலும் பார்க்கிறார்.

சதவீதம் என்னும் வலை

சீட்டில் அடுத்து வருவது ‘டி.சி.’ எனப்படும் வகைவாரிக் கணக்கு. இது சதவீதத்தில் இருக்கும். இங்கேதான் படிப்பவர் மிக எளிதில் தடுமாறுகிறார்.

ஓர் எடுத்துக்காட்டு. மொத்த வெள்ளணுக்கள் 3,000. நியூட்ரோஃபில் 30 சதவீதம், லிம்போசைட் 60 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். லிம்போசைட்டுக்கு எதிரே 20 முதல் 40 வரை இயல்பு என்று அச்சாகியிருப்பதால், 60 என்பது தடித்த எழுத்தில் வரும். படிப்பவர், ‘லிம்போசைட் ஏன் இப்படி ஏறிவிட்டது?’ என்று கலங்குவார். கணக்கிட்டுப் பாருங்கள். 3,000இல் 60 சதவீதம் 1,800. இது முற்றிலும் இயல்பான தொகை. ஏறியது ஒன்றுமே இல்லை. 3,000இல் 30 சதவீதமான 900 நியூட்ரோஃபில்கள்தாம் இங்கே உண்மையான செய்தி. பொதுவாக 1,500க்குக் கீழ் போனால் குறைவு என்பார்கள். சதவீதத்தின் குணம் இது: ஒன்று இறங்கினால் மற்றொன்று ஏறியதுபோல் தோன்றும், மொத்தம் எப்போதும் 100 ஆகவேண்டுமே!

ஈசினோஃபில் வரியிலும் இதே வலை. நம் வீடுகளில் ‘ஈசினோபீலியா’ என்பது தும்மல், இளைப்பு, வறட்டு இருமல் அனைத்துக்கும் பொதுப் பெயராகிவிட்டது. சீட்டில் 7 சதவீதம் என்று கண்டதும் அந்தப் பெயரைச் சூட்டிவிடுகிறார்கள். மொத்தம் 6,000 என்றால் 7 சதவீதம் 420 மட்டுமே. ஏறத்தாழ 500 வரை இயல்பு. மேலும், கையால் எண்ணும்போது 100 அணுக்களை மட்டுமே பார்த்து இந்தச் சதவீதத்தைச் சொல்வது வழக்கம். 100இல் 4 என்று வந்தால், உண்மையான அளவு 1 சதவீதத்திலிருந்து 10 சதவீதம் வரை எங்கு வேண்டுமானாலும் இருக்கலாம் என்பது புள்ளியியல் காட்டும் உண்மை.

இப்போது பல ஆய்வுக்கூடங்கள் ஒவ்வொரு வகையின் தனி எண்ணிக்கையையும் அச்சிடுகின்றன. இது பாராட்டத்தக்கது. ஆனால் பெரும்பாலும் அது சீட்டின் அடியில், சதவீதத்தைப் பார்த்து மனம் கலங்கிய பிறகே கண்ணில் படும் இடத்தில் இருக்கிறது. அலகிலும் ஒற்றுமை இல்லை. ஒரே இரத்தம் ஓர் இடத்தில் 7,200 என்றும், மற்றோர் இடத்தில் 7.2 என்றும் வரும். முன்னது கன மில்லிமீட்டருக்கு. பின்னது ஆயிரத்தின் மடங்கில். இரண்டு சீட்டுகளையும் ஒப்பிட்டு, ‘எல்லாம் வடிந்துவிட்டதே’ என்று ஒருவர் பதறினால் குற்றம் அவருடையதன்று.

‘இயல்பு’ என்றால் யாருடைய இயல்பு?

சீட்டின் வலப்பக்கத்தில் ‘இயல்பு அளவு’ என்ற கட்டம் இருக்கிறது. அதை எப்படித் தீர்மானிக்கிறார்கள்? நலமாக உள்ள பலருடைய இரத்தத்தைச் சோதித்து, கிடைத்த அளவுகளை வரிசைப்படுத்தி, நடுவில் உள்ள 95 சதவீதத்தினரின் எல்லையை ‘இயல்பு’ என்று வைக்கிறார்கள். ஆகவே, நலமாக உள்ள 100 பேரில் 5 பேர் எப்போதும் இந்த எல்லைக்கு வெளியே நிற்பார்கள்; அவ்வாறுதான் எல்லையே வகுக்கப்பட்டிருக்கிறது. ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத 20 சோதனைகளை ஒரே நாளில் செய்துகொண்டால், முழு நலத்தோடு இருப்பவருக்கும் ஏதாவது ஒன்றில் அம்புக்குறி விழ 64 சதவீதம் வாய்ப்பு உண்டு. ‘முழு உடல் பரிசோதனை’ செய்துகொண்டவர்களில் பலர் கவலையோடு திரும்புவதற்கு இதுவும் ஒரு காரணம்.

வயதும் நிலையும் மாறினால் இயல்பும் மாறும். பிறந்த குழந்தைக்கு 9,000 முதல் 30,000 வரை இருக்கலாம். முதல் சில ஆண்டுகளில் குழந்தைகளுக்கு லிம்போசைட்டே பெரும்பான்மை. கருவுற்ற பெண்ணுக்கு 15,000 என்பது அச்சத்திற்குரியதன்று. பேறுகால வலியின்போது இன்னும் மேலே போகும். பெரியவர்களுக்குரிய எல்லையை இவர்கள் சீட்டிலும் அப்படியே அச்சிட்டுவிட்டால் ‘இயல்பு’ என்ற சொல்லுக்கே பொருளில்லாமல் போகிறது.

இந்தக் கட்டம் தவறாக வகுக்கப்பட்டால் எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு உலகறிந்த ஒரு நிகழ்ச்சி உண்டு. கடுமையான மனச்சிதைவு நோய்க்கு குளோசபின் என்றொரு மருந்து இருக்கிறது. மற்ற மருந்துகள் பலனளிக்காதவர்களுக்கும் இது பலனளிக்கிறது என்பது 1988இல் வெளிவந்த ஆய்வினால் உறுதிப்பட்டது. ஆனால் அதற்கு முன்பே, 1975இல், பின்லாந்து நாட்டில் இம்மருந்தை உண்ட சிலருக்கு நியூட்ரோஃபில்கள் அறவே அற்றுப்போயின. 8 பேர் மாண்டார்கள். பல நாடுகள் மருந்தை ஒதுக்கிவைத்தன. அமெரிக்கா 1989இல் ஒரு கட்டுப்பாட்டோடு அனுமதித்தது: வாரந்தோறும் இரத்தத்தைச் சோதிக்க வேண்டும், எண்ணிக்கை குறிப்பிட்ட அளவுக்குக் கீழே போனால் மருந்தை நிறுத்த வேண்டும். சரியான ஏற்பாடு, எண்ணிக்கை உயிர் காத்த இடம் இது.

ஆனால் அந்தக் குறிப்பிட்ட அளவு யாருடைய இரத்தத்தைப் பார்த்து வகுக்கப்பட்டது? ஆப்பிரிக்க வழிவந்தவர்களிலும், மேற்காசிய மக்களில் சிலரிலும் நியூட்ரோஃபில்கள் பிறவியிலேயே குறைவாக இருப்பதுண்டு. இதற்கு ‘டஃபி’ எனப்படும் ஒரு மரபணுவின் மாற்றம் காரணம் என்பது 2009இல் வெளியான மரபியல் ஆய்வில் தெரியவந்தது. சிவப்பணுக்களில் டஃபி என்னும் புரதம் இல்லாதவர்களை ஒருவகை மலேரியா எளிதில் தாக்குவதில்லை. அதே மாற்றத்தோடு நியூட்ரோஃபில் எண்ணிக்கையும் தாழ்ந்து நிற்கிறது. இவர்களுக்கு அதனால் தொற்றுநோய்கள் கூடுதலாக வருவதில்லை. 1,300 என்பது இவர்களில் ஒருவருக்கு முழு நலம். சீட்டிலோ அது ‘குறைவு’. ஆகவே, நலமான இரத்தம் உள்ள நோயாளிக்கு அவருக்குத் தேவையான மருந்து மறுக்கப்பட்டது. அல்லது நடுவில் நிறுத்தப்பட்டது. 2015இல்தான் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு நிறுவனம் விதியைத் திருத்தியது. மொத்த வெள்ளணுக்களை விட்டுவிட்டு நியூட்ரோஃபில்களை மட்டும் பார்த்தால் போதும் என்றது. மருந்தைத் தொடங்கப் பொதுவாக 1,500 இருக்க வேண்டும் என்றும், இப்பிரிவினருக்கு 1,000 இருந்தால் போதும் என்றும் இரு வேறு எல்லைகளை வகுத்தது. 1989க்கும் 2015க்கும் இடையில் 26 ஆண்டுகள். ஒரு கட்டத்தில் அச்சான எண்ணின் விலை இது.

படைவீரர் என்னும் உவமை

சீட்டை மட்டும் குறை கூறுவது நியாயமன்று. அதைப் படிக்க நம்மைப் பழக்கிய எழுத்தையும் பார்க்க வேண்டும். ‘வெள்ளணுக்கள் நம் உடலின் படைவீரர்கள்’ என்பது பள்ளிப் பாடங்களிலும் நம்மைப் போன்ற அறிவியல் ஏடுகளிலும் திரும்பத் திரும்ப வரும் தொடர். உருசிய அறிஞர் மெக்னிகாஃப் 1882இல் சிசிலித் தீவின் மெசினா நகரில், நட்சத்திர மீனின் இளம் உயிரியில் ஒரு முள்ளைக் குத்தி, நகரும் அணுக்கள் அதைச் சூழ்ந்துகொள்வதைக் கண்டார். அந்த நாளிலிருந்தே போரும் காவலும் இத்துறையின் மொழியாகிவிட்டன. சிறுவர்களுக்கு விளங்கவைக்க அது உதவுகிறது என்பதை மறுக்கவில்லை. ஆனால் எண்ணிக்கையைப் படிக்கும்போது அது வழிதவறச் செய்கிறது.

படைவீரர் என்றதும், மிகுந்திருந்தால் வலிமை, குறைந்திருந்தால் வலிமையின்மை என்று மனம் கணக்குப் போடுகிறது. 1845இல் ஜெர்மனியில் விர்ச்சோவும் எடின்பரோவில் பென்னட்டும் தனித்தனியே விவரித்த இரத்தப் புற்றுநோயில், வெள்ளணுக்கள் இலட்சத்தையும் தாண்டக்கூடும். அவற்றில் பெரும்பாலானவை முதிராதவை, வேலைக்கு உதவாதவை. அந்த நோயாளியே எளிதில் தொற்றுக்கு ஆளாகிறார். மறுபுறம், டெங்குக் காய்ச்சலில் வெள்ளணுக்கள் குறைவது அந்நோயின் அடையாளங்களில் ஒன்று. காய்ச்சல் தணிந்ததும் பெரும்பாலோர்க்குத் தானே மீண்டுவிடுகிறது. டைபாய்டு பாக்டீரியாவால் வருவதுதான். ஆயினும் எண்ணிக்கை உயராமல் இயல்பாகவோ குறைந்தோ இருப்பதுண்டு. ‘கவுண்ட் நார்மல்தான், கிருமித் தொற்று இல்லை’ என்று இருந்துவிடுபவரை இந்த உவமை காப்பாற்றாது.

‘எதிர்ப்பாற்றலை ஏற்றும்’ சூரணங்களுக்கும் பானங்களுக்கும் இந்த உவமைதான் மூலதனம். பெர்னார்ட் ஷா 1906இல் எழுதிய ‘டாக்டர்ஸ் டைலமா’ நாடகத்தில், எந்த நோய்க்கும் வெள்ளணுக்களைத் தூண்டிவிட்டால் போதும் என்று முழங்கும் மருத்துவர் ஒருவரைப் படைத்து நகையாடியிருக்கிறார். அவருடைய வாரிசுகள் இன்று விளம்பரங்களில் பேசுகிறார்கள். வெள்ளணுக்கள் மிகையாகத் தூண்டப்பட்டால் கெடுதலும் உண்டு. ஆஸ்துமாவில் பலருக்கு மூச்சுக்குழலைப் புண்படுத்துவது ஈசினோஃபில்கள்தாம்.

எண் பேசும் இடம்

அப்படியானால் இச்சோதனை வீண் என்று சொல்ல வருகிறேனா? இல்லை. தக்க துணையோடு வரும்போது இந்த எண் மிகத் தெளிவாகப் பேசும். அதற்கு நம் பக்கத்திலேயே ஓர் எடுத்துக்காட்டு இருக்கிறது.

அன்றைய சென்னை மாகாணத்தைச் சேர்ந்த மதனப்பள்ளிக்கருகில் ஆரோக்கியவரம் காசநோய் மருத்துவமனை இருந்தது. அங்கே பணிபுரிந்த பிரிமோட்-மோல்லர், பார்ட்டன் என்ற இரு மருத்துவர்கள் 1940இல் ஒரு செய்தியை வெளியிட்டார்கள். இருமலும் இளைப்பும் உள்ளவர்கள். எக்ஸ்ரே படத்தில் நுரையீரல் முழுவதும் சிறு புள்ளிகள். பார்த்தால் காசநோய் போலவே இருக்கும். ஆனால் இரத்தத்தில் ஈசினோஃபில்கள் மிகுந்திருந்தன. இது காசநோயன்று, வேறொன்று என்று அவர்கள் பிரித்துக் காட்டினார்கள். 1943இல் வைன்கார்டன் இதற்கு ‘வெப்பமண்டல ஈசினோஃபிலியா’ என்ற பெயரைத் தந்தார். யானைக்கால் நோயை உண்டாக்கும் புழுவுக்கு எதிராக உடல் காட்டும் மிகையான எதிர்வினையே இது என்பது பின்னாளில் தெளிவாயிற்று. அப்புழுவுக்குரிய மாத்திரையிலேயே குணமும் கண்டது. இந்நோயில் ஈசினோஃபில்கள் கன மில்லிமீட்டருக்கு 3,000க்கும் மேல் போகும். காசநோயாளி என்ற பெயரோடு மாதக்கணக்கில் படுத்திருக்க வேண்டியவரை ஓர் எண் மீட்டது.

கவனியுங்கள்: அந்த மருத்துவர்கள் எண்ணை மட்டும் பார்க்கவில்லை. இருமலின் தன்மை, எக்ஸ்ரே படம், நோயாளி வாழும் ஊர் ஆகியவற்றோடு சேர்த்து எண்ணைப் பார்த்தார்கள். இயற்பியலிலும் இப்படித்தான். வெப்பமானி 100 பாகை காட்டுகிறது என்று மட்டும் சொன்னால் நீர் கொதிக்கிறதா என்று சொல்ல முடியாது. அழுத்தம் எவ்வளவு என்றும் கேட்போம்.

சில எண்கள் காத்திருக்க அனுமதிக்காதவை என்பதையும் சொல்லிவிட வேண்டும். புற்றுநோய்க்கு மருந்து பெற்றுவரும் ஒருவருக்கு நியூட்ரோஃபில்கள் 500க்குக் கீழ் இறங்கி, காய்ச்சலும் வந்தால் அது அவசரம்; அந்த மணியே மருத்துவமனைக்குப் போக வேண்டும். எண்ணிக்கை பல்லாயிரக்கணக்கில் ஏறியிருந்தாலோ, முதிராத அணுக்கள் தென்பட்டதாகச் சீட்டில் குறித்திருந்தாலோ தள்ளிப்போடலாகாது. கடும் நோய்த்தொற்றில் எண்ணிக்கை ஏறுவதும் உண்டு, இறங்குவதும் உண்டு. 1992இல் வகுத்த வரையறையில் 12,000க்கு மேல், 4,000க்குக் கீழ் இரண்டையுமே எச்சரிக்கைக் குறியாக வைத்திருந்தார்கள். நான் குறை கூறுவது, 11,200க்கும் 1,12,000க்கும் ஒரே அம்புக்குறியை அச்சிடும் வழக்கத்தைத்தான்.

சீட்டு எப்படி இருக்க வேண்டும்?

ஆய்வுக்கூடத்தாருக்கு என் வேண்டுகோள்கள் எளியவை. வகைவாரித் தனி எண்ணிக்கையை மேலே அச்சிடுங்கள். சதவீதத்தைக் கீழே தள்ளுங்கள். குழந்தைக்கும் கருவுற்றவருக்கும் உரிய எல்லையை அவரவர் சீட்டில் காட்டுங்கள். எல்லைக்கருகில் நிற்கும் அளவுக்குத் தடித்த எழுத்து வேண்டாம். பிழை எல்லையை ஒரு வரியில் குறியுங்கள். அதே ஆய்வுக்கூடத்தில் முன்பு எடுத்த அளவு இருந்தால் பக்கத்தில் சேருங்கள். இவற்றையெல்லாம் தமிழில் இரண்டு வரி விளக்கத்தோடு தர இயலாத நிலை இன்று இல்லை.

வாசகர்களுக்கும் சில வேண்டுகோள்கள் உண்டு. பழைய சீட்டுகளைத் தேதி வாரியாகச் சேர்த்து வையுங்கள். நீங்கள் நலமாக இருந்தபோது வந்த எண்தான் உங்களுடைய உண்மையான ‘இயல்பு’. ஊராருடைய சராசரியைவிட அது மேலானது. சீட்டைக் கையில் வாங்கியதும் முதலில் அலகைப் பாருங்கள். பிறகு சதவீதத்தை மொத்தத்தால் பெருக்கித் தனி எண்ணிக்கையைக் கண்டுபிடியுங்கள். எட்டாம் வகுப்புக் கணக்குப் போதும். சீட்டைப் பார்த்து நீங்களே மருந்து வாங்காதீர்கள். சாதாரணச் சளிக்காக 11,800 என்ற எண்ணைக் காட்டி நுண்ணுயிர்க்கொல்லி கேட்காதீர்கள். வைரஸை அம்மருந்து ஒன்றும் செய்யாது; மருந்துக்குப் பணியாத பாக்டீரியாக்களைத்தான் அது பெருக்கும்.

மருத்துவரிடம் போகும்போது மூன்று கேள்விகளைக் கேளுங்கள். எந்த வகை அணு கூடியிருக்கிறது அல்லது குறைந்திருக்கிறது? என் உடல் நிலையோடு அது பொருந்துகிறதா? சில நாள் கழித்து மறுபடி பார்க்க வேண்டுமா? நல்ல மருத்துவர் இக்கேள்விகளை வரவேற்பார். ஏனெனில், அவரும் அச்சீட்டை அவ்வாறுதான் படிக்கிறார்.